தராசுக்காரன் ஸாஸாவிடம்

ஸாஸா, இந்த ஞாயிறு பொட்டலம் எதுவும் இல்லை.
வேன் கதவில் தொங்கும் உன் தராசைக்
கொஞ்சம் சும்மா விடு.
பாரி ரயிலடிக்குப் பின்னால் இதே மைதானத்தில்
கிலோவுக்கு ஒன்றரை யூரோ என்று
பதினேழு வருஷமாய் நீ நிறுத்தது
ஆலிவ் எண்ணெய், சலவைத்தூள், காப்பித்தூள்,
அப்புறம் எப்போதும் ஒரு ஜோடி ஷூ.

முதல் ஜோடி இருபத்தொன்பதாம் எண்.
முன்பின் தெரியாத உன்னிடம்
நசுங்காமல் கொண்டு போ என்று
தப்புத்தப்பான இத்தாலியனில் கெஞ்சினேன்.
நீ நம் ஜார்ஜியனில் திட்டினாய்.
நின்ற இடத்திலேயே அழுதேன்,
திட்டு அவ்வளவு இனித்தது.

திரும்பும் வேனில் ஒரு தாள் வரும்.
நாத்தனார் சியாலா அவனை அதன்மேல் நிற்க வைத்துப்
பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்திருப்பாள்.
சுண்டுவிரலருகே கோடு நெளிந்திருக்கும்.
கூசிக் காலை இழுத்திருப்பான்.
அந்த நெளிவின்மேல் விரலை வைத்துக்கொண்டே
கடை கடையாய் ஏறி இறங்கியிருக்கிறேன்.
முப்பத்து மூன்று. முப்பத்தேழு.
நாற்பத்தொன்றில் கோடு நெளியவில்லை.
அதற்குப்பின் தாளே வரவில்லை,
எண் மட்டும் வந்தது, போனில்.

விசா இல்லாத எட்டு வருஷம்
போலீஸ்காரனைக் கண்டால் தெரு மாறி நடந்தேன்.
விசா வந்தபின் கூரை மாற்ற வேண்டியிருந்தது.
அவன் குத்தாயிசிக்குப் படிக்கப் போக வேண்டியிருந்தது.
இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்.
அந்தச் சொல்லையும் நீதான் சுமந்து போனாய், கூலி வாங்காமல்.
நடுவில் இரண்டு தடவை போனேன்,
பன்னிரண்டு நாள், பதினைந்து நாள்.
விருந்தாளிக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்துத்
துடைத்து என் முன்னால் வைத்தார்கள்.
நான் அனுப்பிய தட்டு.

இங்கே இமாக்கொலாத்தா கிழவி என்னை நீனா என்பாள்,
நானுலி அவள் வாயில் நுழையாது.
இரவில் பயந்து எழுந்தால் 'மாமா' என்று கைநீட்டுவாள்,
அவளுக்கு அது அம்மா.
நமக்கு அது அப்பா அல்லவா.
சரிதான் என்று தலையைத் தடவிக் கொடுப்பேன்.
சம்பாதித்து அனுப்புகிறவள் வேறு யார்?

சொல்கிறேன், அவசரப்படுத்தாதே.
போன செவ்வாய் தோர்னிகே போனில் வந்தான்.
பணம் வந்துவிட்டது என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றான்.

நீங்கள்.

கோபத்தில் சொல்லவில்லை, ஸாஸா,
குத்திக்காட்டவும் இல்லை.
வங்கியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவளிடம்
ஒழுங்கான பிள்ளை பேசுகிற குரல்.
சாப்பிட்டேன் என்றேன்.
கிழவியின் சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது.
அணைக்கத் தோன்றவில்லை.

கிழவியின் மகள் ஐம்பது யூரோ கூட்டித் தருகிறேன் என்றாள்,
அப்புறம் எழுபது.
ஒரு வார்த்தைக்காகப் போகிறேன் என்றால்
பாவம், எந்தத் தொகையைச் சொல்வாள் அவள்?
கிழவிக்கு இன்னும் தெரியாது.
வியாழன் காலை கஞ்சி ஊட்டும்போது சொல்வேன்.
மத்தியானத்துக்குள் மறந்துவிடுவாள்.
மறக்காமல் போய்விட்டால்தான் பயம்.

அங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்காதே.
ஸெஸ்தாபோனியில் ஆலைப்புகை இருக்கிறது,
என் முட்டிக்கு ஆகாத ஈரம் இருக்கிறது,
என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப்போகும்
இருபத்து மூன்று வயசு வாலிபன் ஒருவன் இருக்கிறான்.
முதலில் அவன் உட்கார வேண்டும்.
பிறகு என்றைக்காவது பீன்ஸில் உப்புக் குறைந்து
என்மேல் எரிந்து விழ வேண்டும்,
நீ என்று.
எத்தனை வருஷம் ஆகுமோ.

முன் சீட் காலி என்றாயே,
கப்பலோடு சேர்த்து எவ்வளவு?
ஏறி நில், எடை போடுகிறேன் என்று இளிக்காதே.
ஒரே பெட்டி. ஷூ இல்லை.
பாதம் வரைந்த தாள் பதினொன்று இருக்கிறது,
மடியில் வைத்துக்கொள்வேன்.
அதற்குத் தனிக் காசு கேட்பாயா?